சனிக்கிழமைக் கஞ்சி

சனிக்கிழமை என்றால் எங்கள் தொடர்மாடியில் காலை ஐந்தரைக்கு முதலில் கேட்பது இரண்டாம் மாடி அக்காவின் பிளெண்டர் சத்தம். ஒரு கட்டு வல்லாரை, அரைக் கட்டு பொன்னாங்காணி, ஒரு பிடி கறிவேப்பிலை, துருவிய தேங்காய்ப்பூ, கொஞ்சம் தண்ணீர். அந்தச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து, முதல் நாள் இரவே கழுவி வைத்த சிவப்புப் பச்சையரிசியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவேன். மூன்றாம் மாடித் தாத்தா அதற்குள் அடுப்பை மூட்டியிருப்பார். (இங்கே முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களுக்கும் அவர் தாத்தாதான்.)

உள்ளிப்பல் பத்துப் பன்னிரண்டு போட்டு அரிசியைக் குழைய அவித்து, தேங்காய்ப்பால் விட்டு, கடைசியில் அரைத்த இலையை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். கூடக் கொதித்தால் பச்சை மங்கி, வாசமும் மாறிவிடும். ஆறே முக்காலுக்குள் பானையைச் சுற்றிப் பதினைந்து இருபது பேர் குவளையோடு நிற்பார்கள். ஒரு கடி கருப்பட்டி, ஒரு மிடறு கஞ்சி. எனக்கு ஏழரைக்கு வகுப்பு.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் சாதாரணதரக் கணிதம் படிப்பிக்கிறேன். பிரத்தியேக வகுப்புத்தான், பள்ளிக்கூடத்தில் இல்லை. வயது 51. என் மாணவர்களின் அம்மாமார் இரண்டு மூன்று பேர், "டீச்சர், உங்கட பிளட்ஸில் செய்யிற மாதிரி எங்கட ஒழுங்கையிலும் செய்யலாமோ, எப்படித் தொடங்கினது எண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடமாக என் சாப்பாட்டு நேரத்தை வகுப்பு அட்டவணைதான் தீர்மானித்தது. காலையில் ஒரு பிளேன்டீ, இரண்டு பிஸ்கட். பத்தரை இடைவேளையில் கடையில் ஒரு ரோல்ஸ். மத்தியானம் இரண்டு மணி தாண்டிச் சோற்றுப் பார்சல், அதுவும் பத்து நிமிடத்தில். பின்னேரம் பால் தேத்தண்ணியும் பணிசும். இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தால் சமைக்கத் தெம்பிருக்காது. கால் றாத்தல் பாணும் சம்பலும், சில நாள் கொத்து. நெஞ்செரிவு, வயிற்றுப் பொருமல், மூன்று நாளைக்கு ஒருதரம் மலம். எல்லாவற்றுக்கும் "கஸ்டிரைட்டிஸ்" என்று ஒரே பெயர். எங்கள் ஊரில் அது ஒரு நோயின் பெயர் என்பதைவிட, வயிற்றில் எது நடந்தாலும் சொல்லும் பெயர். பக்கத்துப் பாமசியில் ஒமிப்ரசோல், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் குளிசை, கேட்டால் தருவார்கள், டொக்டரின் துண்டு கேட்க மாட்டார்கள். ஆறு வருடம் அப்படி வாங்கி விழுங்கினேன். ஒரு வைத்தியரும் என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் ஒருவரிடமும் போகவில்லை. மலம் போவதில்லை என்று ஓர் அந்நிய மனிதரிடம் வாய் திறந்து சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் 2022 வந்தது, நாட்டின் பொருளாதார நெருக்கடியோடு. மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. சித்திரை, வைகாசியில் காஸ் சிலிண்டர் எங்கும் இல்லை. வீட்டுக்குள் விறகு மூட்டினால் தொடர்மாடி முழுக்கப் புகை அடைத்துவிடும். மொட்டை மாடியில் கல் வைத்து இரண்டு அடுப்புப் போட்டோம். விறகும் விலை என்பதால் ஆளுக்கொரு சட்டி வைக்க முடியாது. ஐந்து வீடு சேர்ந்து ஒரு பானை வைத்தோம், பிறகு எட்டு வீடு. மரவள்ளிக்கிழங்கு, வத்தாளங்கிழங்கு, ஈரப்பலாக்காய், அவித்த பயறு, சந்தையில் மலிவாகக் கிடைத்த இலை வகை. பால்மாவுக்கு விலை கொடுக்க முடியவில்லை, பிளேன்டீயோடு நின்றுவிட்டோம். பாணும் பணிசும் குறைந்துபோனது, விலையும் ஏறிவிட்டது.

அந்த வருடத்தை நல்ல வருடம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. என் மாணவர்களில் சிலர் காலையில் வெறும் வயிற்றோடு வந்து வகுப்பில் தலை சுற்றி உட்கார்ந்ததைப் பார்த்தவள் நான். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அந்த நான்கு மாதமும் எனக்கு வயிற்றுப் பொருமல் இல்லை. காலையில் எழுந்தால் மலம் போனது. காஸ் திரும்பி வந்து, அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் அடுப்புக்குத் திரும்பினோம். மார்கழிக்குள் எனக்குப் பழைய வயிறு வந்துவிட்டது. அடுத்த வீட்டு அக்காவுக்கும் அப்படியே என்று அவர் சொன்னபோதுதான் நான் யோசிக்கத் தொடங்கினேன்.

தை மாதம் எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் மூன்றாம் மாடிக் குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். படிக்கட்டில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "டீச்சர், நாற்பது தாண்டிட்டுதுதானே, முதல்ல ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டருக்குப் போய்ப் பாருங்கோ, காசில்லை" என்றார். சுகாதார அமைச்சு 2011 இல் நாடு முழுக்கத் தொடங்கிய நிலையங்கள் அவை. பிரஷர், சீனி, உயரம், நிறை எல்லாம் பார்த்து, சாப்பாடு, நடை, புகை, மது பற்றிக் கேட்டு ஆலோசனை சொல்வார்கள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்குத் தெரியாது. தனியாகப் போக யாருக்கும் மனமில்லை, ஏழு பேராகப் போனோம். ஏழில் இரண்டு பேருக்குப் பிரஷர் கூட இருந்தது, அதுவரை அவர்களுக்குத் தெரியாது. எனக்குச் சீனி எல்லையில் நின்றது.

ஆறு வருட ஒமிப்ரசோல் கதையைக் கேட்டு அங்கிருந்த டொக்டர் சத்தம் போடவில்லை. நீண்ட காலம் குடித்தால் பி12 உயிர்ச்சத்தும் மக்னீசியமும் குறையலாம், அதோடு என்ன நோய் என்று பார்க்காமல் அமிலத்தை மட்டும் அடக்கி வைத்திருக்கிறீர்கள் என்று விளக்கி, ஹெலிகோபாக்டர் பைலோரிக்குச் சோதிக்கச் சொல்லி எழுதித் தந்தார். எனக்கு அந்தக் கிருமி இருந்தது. இரண்டு வகை அன்டிபயோட்டிக்கும் அமிலக் குளிசையுமாக 14 நாள் மருந்து. வாயெல்லாம் கசந்து வயிறு கலங்கியபோதும் ஒரு வேளை தவறவிடவில்லை. பிறகு செய்த சோதனையில் கிருமி இல்லை.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், கஞ்சி குடித்து எல்லாம் சுகமானது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்தக் கிருமி மருந்தால்தான் போனது. பாரி மார்ஷல் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர், வயிற்றில் புண் வர இந்தப் பக்டீரியா காரணம் என்பதை ஒருவரும் நம்பாதபோது, 1984 இல் அதைத் தானே குடித்து வயிற்றழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 14 நாள் மருந்து கெட்டதோடு சேர்த்து நல்லதையும் கொன்றிருக்கும் என்றும் அதே டொக்டர்தான் சொன்னார். "இனி நார்ச்சத்தும் தயிரும் சாப்பிட்டு நல்லதுகளை வளர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நார்ச்சத்து என்றதும் எனக்குள் இருந்த கணக்கு டீச்சர் விழித்துக்கொண்டாள். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெண்பலகையை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், என் பழைய நாளொன்றை எல்லோர் முன்னாலும் எழுதிக் கூட்டினேன். கால் றாத்தல் பாண், அதாவது 110 கிராம் அளவில்: நார் 3 கிராம். ஒரு கோப்பை வெள்ளைச் சோறு தாராளமாக: ஒன்றரைகூட வராது. பார்சலில் வரும் மூன்று கரண்டி பருப்பு: 2. ஒரு மரக்கறி: ஒன்றரை. ரோல்ஸ், பணிஸ் சேர்த்து 2. மொத்தம் பத்து. தேவையானதில் பாதிகூட இல்லை.

பக்கத்தில் இன்னொரு வரி எழுதினேன். ஒரு கோப்பை அவித்த பயறு: 15. நடுத்தரக் கொய்யாப்பழம் ஒன்று: 5. கீழே கோடு போட்டு 20 என்று எழுதியபோது முதலாம் மாடியில் இருக்கும் பையன், "அவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்டான். அவ்வளவுதான். விலை கூடிய தூளும் இல்லை, டின்னும் இல்லை. நாங்கள் பயறை விரதத்துக்கும், கொய்யாவை நோயாளியைப் பார்க்கப் போவதற்கும் ஒதுக்கி வைத்துவிட்டோம்.

அன்றைக்கே முடிவெடுத்தோம். சனிக்கிழமை இலைக்கஞ்சி, புதன்கிழமை இரவு அவித்த கடலை அல்லது கௌப்பி அல்லது பயறு. ஆளுக்கு வாரம் 150 ரூபா, பழைய பால்மா டின் ஒன்றில். முடியாதவர்கள் தேங்காய் துருவுவது, இலை ஆய்வது. யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று கணக்கு எழுதுவதில்லை. எண்களோடு வாழ்கிற எனக்கு அது முதலில் கஷ்டமாக இருந்தது. ஆனால் அதை எழுதத் தொடங்கினால் போட முடியாதவர்கள் வரமாட்டார்கள் என்று தாத்தா சொன்னார். அவர் சொன்னது சரி.

முதல் மாதம் நாங்கள் செய்த பெரிய பிழையையும் சொல்லிவிடுகிறேன். உற்சாகத்தில் ஒரே வாரத்தில் பத்திலிருந்து முப்பதுக்குத் தாவினோம். ஒவ்வொரு இரவும் கடலை, காலையில் குரக்கன் பிட்டு. நான்காம் நாள் பாதிப் பேருக்கு வயிறு ஊதி, நெஞ்சு வரை வாயு. "இதுக்கு முந்தி இருந்த மலச்சிக்கலே பரவாயில்லை" என்று சொல்லி மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அதில் இரண்டு பேர் திரும்பி வர ஆறு மாதம் எடுத்தது. நார்ச்சத்தை நம் குடல் செரிப்பதில்லை. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதை நொதிக்க வைக்கின்றன. பல வருடம் பாணும் வெள்ளைச் சோறும் கண்ட வயிற்றில் அந்த வேலைக்கு ஆள் குறைவு. ஆள் பெருகக் காலம் வேண்டும். வாரத்துக்கு ஓர் உணவைக் கூட்டுங்கள், தண்ணீரைக் கூட்டுங்கள், கடலையை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவியுங்கள். சிலருக்கு எவ்வளவு மெதுவாகப் போனாலும் கடலையும் வெங்காயமும் ஒத்துவராது. அவர்களை வற்புறுத்த வேண்டாம், பப்பாசியும் வெண்டிக்காயும் கரட்டும் கொடுங்கள்.

இலைக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் இந்த இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். இரண்டாம் மாடி அக்கா சிங்களவர். அவருக்கும் நான் அக்கா, எனக்கும் அவர் அக்கா, இரண்டு மொழியிலும் ஒரே சொல். சந்தையில் அவர் 'கொட்டுகொல' என்று கேட்பதும் நான் வல்லாரை என்று கேட்பதும் ஒரே கட்டுத்தான். அவருடைய முகுணுவென்ன என் பொன்னாங்காணி. அவருடைய பொல்பலாவை என் மாமியார் கையில் வாங்கிப் பார்த்து, "இது தேங்காய்ப்பூக்கீரையெல்லோ, எங்கட வளவுக்குள்ள தானா முளைக்கிறது" என்றார். பதினெட்டு வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் அவர்கள் இருவரும் புன்னகைக்கு மேல் பேசியதில்லை. இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் சந்தைக்குச் சேர்ந்து போகிறார்கள். நோன்பு மாதத்தில் தாத்தா வீட்டிலிருந்து எங்களுக்கு நோன்புக் கஞ்சி வரும். அந்த மாதம் சனிக்கிழமைப் பானையை நாங்கள் விடியலுக்கு வைக்காமல் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்வோம்.

கஞ்சியில் ஒரே ஒரு சண்டை வந்தது, வடியைப் பற்றி. அக்கா வீட்டு வழக்கப்படி அரைத்த இலையை வடியில் ஊற்றிப் பிழிந்து, சாற்றை மட்டும் கஞ்சியில் விட வேண்டும். சக்கை குப்பைக்கு. நாங்கள் தேடுகிற நார் அந்தச் சக்கையில்தான் இருக்கிறது என்று நான் நின்றேன். தொண்டையில் புல்லுப் போல் குத்தும், யாரும் குடிக்கமாட்டார்கள் என்று அவர் நின்றார். இரண்டு பேருமே சரி. கடைசியில் தண்டை நீக்கி இலையை மட்டும் எடுத்து, பிளெண்டரை இன்னும் இரண்டு நிமிடம் ஓட விட்டு, வடிக்காமல் ஊற்றினோம். குத்தவில்லை. அந்த வாரத்திலிருந்து வடி அலமாரிக்குப் போய்விட்டது.

என் மாமியாருக்கு 79 வயது. வலிகாமத்தில் பிறந்து வளர்ந்தவர். கொழும்புக்கு வந்த நாளிலிருந்து காலையில் பழஞ்சோறு கேட்பார். எனக்கு அது ஏழ்மையாகப் பட்டது, விருந்தாளி யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். அவரை நான் பாணுக்குப் பழக்கினேன். இப்போது நினைத்தால் மனம் நோகிறது. ஆறிய சோற்றில் மாச்சத்தின் ஒரு பகுதி இறுகி, செரிக்காத மாச்சத்தாக மாறி, நார் போலவே பெருங்குடல் வரை போய் அங்கே நுண்ணுயிருக்கு உணவாகிறது. இதைப் பற்றி ஆராய்ந்தவர்களில் நம் கொழும்புக்காரர்களும் உண்டு. இங்கே இரசாயன விஞ்ஞானக் கல்லூரியில் சுதைர் ஜேம்ஸ் என்ற மாணவரும், அவருக்கு வழிகாட்டிய புஷ்பராஜா தவராஜாவும் இலங்கை அரிசி வகை 38 ஐப் பார்த்து, கொதிக்கும் தண்ணீரில் அரிசியின் நிறையில் 3 சதவீதம் தேங்காய் எண்ணெய் விட்டு அவித்து, 12 மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அந்தச் செரிக்காத மாச்சத்துக் கூடுகிறது என்று கண்டார்கள். திரும்பச் சூடாக்கினாலும் அது குறையவில்லை. 2015 மார்ச்சில் அமெரிக்க இரசாயனவியல் சங்கத்தின் கூட்டத்தில் அதைச் சொன்னார்கள். ஆய்வுகூடத்தில் கண்டது அது, அதைச் சாப்பிட்டால் நிறை குறையும் என்று நான் சொல்லமாட்டேன். மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "எண்ணெய் விடாமலே நாங்கள் சாப்பிட்டனாங்கள், பிள்ளை" என்றார். அடுத்த நாளே மண்சட்டி வாங்கி வந்தேன்.

ஒரு எச்சரிக்கை. கொழும்பு வெக்கையில் சோற்றை வெறுமனே மேசையில் விட்டுவிட்டு அடுத்த நாள் சூடாக்கிச் சாப்பிடுவது ஆபத்து. பசிலஸ் செரியஸ் என்ற பக்டீரியா அதில் விடும் நஞ்சு சூடாக்கினாலும் போகாது, வாந்தியெடுக்க வைக்கும். குளிர வைப்பதென்றால் ஆவி அடங்கிய கையோடு பெட்டிக்குள் வையுங்கள். மாமியார் முறையில் என்றால், கொதித்தாறிய தண்ணீர் சோறு மூடும்படி ஊற்றி, கை படாமல் மூடி, காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். புளிப்பு வாசம் சரி. வழுவழுப்பும் கெட்ட மணமும் வந்தால் கொட்டிவிடுங்கள்.

தயிருக்கும் ஒரு சனிக்கிழமை ஒதுக்கினோம். கம்பஸில் விலங்கியல் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி வந்து, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்து 10 வாரம் செய்த ஓர் ஆய்வைச் சொன்னாள். 2021 இல் வெளிவந்தது. தயிர் போன்ற புளித்த உணவைத் தினமும் கூட்டிச் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார் மட்டும் கூட்டியவர்களுக்கு அந்தப் பத்து வாரத்தில் வகை பெருகவில்லை. அப்போ தோசையும் ஆப்பமும் காணுமே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அவள் சிரித்துவிட்டு, கல்லில் போட்டதும் அதில் உள்ளவை செத்துவிடும் மிஸ் என்றாள். மா புளித்ததால் செரிப்பது இலகு, ஆனால் உயிரோடு வேண்டுமென்றால் தயிரும் பழஞ்சோற்றுத் தண்ணியும்தான். கிண்ணத்தில் விற்கும் இனிப்பு யோகட்டை விட்டுவிட்டு, அம்பாந்தோட்டைப் பக்கமிருந்து வரும் எருமைச் சட்டித் தயிருக்கு மாறினோம். தேன் விடாமல் சாப்பிட என் நாக்குக்கு மூன்று வாரம் எடுத்தது.

அந்தப் பிள்ளை போகும்போது ஒரு தாளை விட்டுப் போனாள். பிரிஸ்டல் அட்டவணை என்பார்கள், 1997 இல் வந்தது. மலம் எப்படி இருக்கிறது என்பதை ஏழு படமாக வரைந்திருக்கும். ஒன்றும் இரண்டும் மலச்சிக்கல், மூன்றும் நான்கும் நல்லது, ஆறும் ஏழும் வயிற்றோட்டம். அதை எங்கே ஒட்டுவது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, தாத்தா பசையைப் பூசி, மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கியில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவிட்டார். முதல் இரண்டு வாரம் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிறகு குவளையோடு நின்று, "எனக்கு இண்டைக்கு நாலு", "எனக்கு இன்னும் ரெண்டுதான்" என்று சொல்லத் தொடங்கினோம். மலம் என்று வாயால் சொல்ல முடியாதவர்கள் இலக்கத்தைச் சொன்னார்கள். டொக்டரிடம்கூட நான் வெட்கப்பட்டுச் சொல்லாததை, ஆறு மாதத்தில் ஆண்களும் பெண்களும் கலந்து நிற்கிற மொட்டை மாடியில் சாதாரணமாகச் சொன்னேன்.

போன வருடம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை. நிலமாடியில் இருக்கும் ஐயா, துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். கஞ்சியைக் குடித்து முடித்து எல்லோரும் இறங்கிய பிறகும் நின்றார். தாங்கியில் ஒட்டிய தாளைக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பானை கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டார்.

"டீச்சர், இரத்தம் வந்தால் அது எத்தனையாம் நம்பர்?"

அந்தத் தாளில் அதற்கு இலக்கம் இல்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ஐந்து மாதம். மூலம் என்று நினைத்து யாரோ சொன்ன எண்ணெயைப் பூசிக்கொண்டிருந்திருக்கிறார். காற்சட்டைக்கு இரண்டு ஓட்டை தள்ளிப் பெல்ட் போடுகிறார், வயதால் மெலிகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை விடிய நானும் தாத்தாவின் மகனும் அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். வகுப்பை ரத்துச் செய்தேன். குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டி. சில வாரத்தில் வெட்டி எடுத்தார்கள், ஒரு சதம் வாங்கவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது மலத்தில் இரத்தம் போனால், காரணமில்லாமல் மெலிந்தால், மலம் போகும் வழக்கம் சில வாரமாக மாறியே இருந்தால், களைப்பும் வெளிறலும் இருந்தால், தயவுசெய்து கஞ்சி வைக்காதீர்கள். நாளைக்கே வைத்தியரிடம் போங்கள். தனியாகப் போக வெட்கமென்றால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். யாருமில்லை என்றால் உங்கள் ஒழுங்கையில் ஒரு பானை வைத்துப் பாருங்கள் என்றுதான் அந்த அம்மாமாருக்கும் சொல்வேன். பானைக்குப் பக்கத்தில் அந்தத் தாளையும் ஒட்டுங்கள்.

ஐயா வீட்டுக்கு வந்து ஐந்தாம் வாரம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடி வரை ஏறி வந்தார். நாலு மாடியும் ஏறத் தேவையில்லை, கீழே கொண்டு வந்து தருகிறோம் என்று எத்தனையோ தரம் சொல்லியிருந்தோம். கையில் அவருடைய பழைய எனாமல் குவளை. காயம் ஆறும்வரை சில வாரத்துக்கு நார் குறைத்துச் சாப்பிடச் சொல்லி டொக்டர் கொடுத்த துண்டை மனைவி நீட்டினார். அக்கா அதை வாங்கி வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கீழே ஓடினார். அலமாரியின் பின்பக்கமிருந்து வடியை எடுத்து, கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டு வந்தார். நான் குவளையைப் பிடித்தேன். அவர் கஞ்சியை இரண்டு முறை வடித்து ஊற்றினார்.